கூலன்ட் குறைகிற கார்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. கேரளத்துப் புனலூரில் நீ பார்த்த 2014 மாடல் டீசல் கார், 2,40,000 ரூபாய். "காலையில மட்டும் கொஞ்சம் வெள்ளைப் புகை மாமா, வாரம் ஒரு தடவை கூலன்ட் ஊத்துனா போதுமாம்" என்றாய். விற்கிறவர் "குழப்பமில்லா" என்றாராம். மலையாளத்தில் குழப்பம் என்றால் கோளாறு. அந்த வண்டியில் குழப்பம் இருக்கிறது. ஆரியங்காவு தாண்டிப் போய் வண்டி பார்க்கிற பையன்கள் நம் பக்கம் நிறைய உண்டு, அதனால்தான் எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

கூலன்ட் என்பது என்ஜினைக் குளிர்விக்கிற திரவம், டீசல் மாதிரி ஓட ஓடச் செலவாகிற பொருள் இல்லை. உள்ளேயே சுற்றி வருவது. குறைகிறது என்றால் எங்கேயோ போகிறது. ஹோஸிலோ ரேடியேட்டரிலோ ஒழுகினால் வண்டிக்கு அடியில் ஈரம் தெரியும், சில ஆயிரத்தில் முடிந்துவிடும். தரை காய்ந்து கிடக்க, டப்பாவில் மட்டும் குறைந்தால் அது என்ஜினுக்குள் போய் ஆவியாகிச் சைலன்சர் வழியாக வருகிறது என்று சந்தேகப்பட வேண்டும். குளிரில் நல்ல வண்டியிலும் லேசாக ஆவி வரும், தப்பில்லை. புகையும் கூலன்டும் சேர்ந்து வருவதுதான் என்னை உறுத்துகிறது.

"கேஸ்கட் மாத்துனா சரியாயிடும்" என்பார்கள். கேஸ்கட் என்பது என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு. அதன் விலை பெரிசில்லை. அது ஏன் போனது என்பதுதான் கேள்வி. ஒரு தடவை நன்றாகச் சூடேறிவிட்டால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். லேத்தில் கொடுத்து ஃபேஸிங் பண்ண வேண்டும், அதாவது தேய்த்துச் சமமாக்க வேண்டும். விரிசல் இருந்தால் ஹெட்டையே மாற்ற வேண்டும். பிஸ்டனும் அடி வாங்கியிருந்தால் என்ஜினை இறக்க வேண்டியதுதான். இதில் எது என்று திறக்காமல் எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது. செலவு எவ்வளவு என்றே தெரியாத வண்டிக்கு நல்ல வண்டியின் விலை கேட்கிறார் அவர்.

இந்த விஷயத்தில் நான் பட்டிருக்கிறேன். உனக்கு அப்போது விவரம் தெரியாத வயசு. நான் வாங்கிய பழைய காரும் இப்படித்தான் கூலன்ட் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு மழை ராத்திரி ஆச்சியைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு புளியரையிலிருந்து எஸ் வளைவு ஏறினேன். கோட்டவாசல் வருவதற்குள் என்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. பதற்றத்தில் சூட்டோடு சூடாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றினேன். கையும் வெந்தது, ஹெட்டும் விரிசல் விட்டது. ஆச்சி சேலையை முக்காடு போட்டுக்கொண்டு, சத்தமே இல்லாமல் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். ஒரு லாரிக்காரர் கயிறு கட்டி இழுத்து வரும்போது மணி இரண்டு. இப்போது நீ அக்காவை மாதாமாதம் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தான் கார் தேடுகிறாய். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அட்வான்ஸ் ஒரு ரூபாய்கூடக் கொடுத்துவிடாதே. சனிக்கிழமை காலை ஆறரைக்கு வருகிறோம், அதுவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவை. முதலில் பானட்டில் கையை வைத்துப் பார்ப்போம். வெதுவெதுப்பாக இருந்தால் முன்னாலேயே ஓட்டிப் புகையை ஓய்த்துவிட்டார் என்று அர்த்தம். ஆயில் மூடியைத் திருப்பினால் அடியில் பால் காப்பி நிறத்தில் கொழகொழவென்று ஏதாவது ஒட்டியிருக்கிறதா, கூலன்ட் டப்பாவில் எண்ணெய் மிதக்கிறதா என்று பார்ப்போம். குளிர்ந்த என்ஜினில் டப்பா மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணி, குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். எல்லாம் சரியாக இருந்தால் ஏசியைப் போட்டுத் தென்மலை தாண்டி ஆரியங்காவு வரை ஏற்றிப் பார்ப்போம். சமதளத்தில் முள் அசையாமல் நிற்கும் வண்டிகள் மலையில்தான் மாட்டும்.

இன்னொன்று. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தில் எத்தனையோ கார்கள் முங்கின. இந்த வண்டி அப்போது ஓடிக்கொண்டிருந்ததுதானே. சீட் பெல்ட்டைக் கடைசி வரை உருவிப் பார்க்க வேண்டும். சீட்டை மாற்றியவர்கள்கூடப் பெல்ட்டின் அடியில் இருக்கிற சேற்றுக் கறையை மறந்துவிடுவார்கள்.

பேப்பர் வேலை உனக்கே தெரியும். கேஎல் என்று தொடங்குகிற கேரள நம்பர் வண்டியைத் தென்காசியில் ஒரு வருஷத்துக்கு மேல் வைத்துக்கொள்வதானால் அங்கே ஆர்டிஓவிடம் என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, நம்பர் மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்.

ஒழுகல் வெளியேதான் என்று தெரிந்தால் ரிப்பேர் செலவைக் கழித்துப் பேசி வாங்கிவிடலாம், நானே பேசுகிறேன். உள்ளே என்றால், அவரே ஹெட்டை இறக்கிச் சரிபண்ணி லேத் பில்லைக் காட்டட்டும், பிறகு பார்ப்போம். மாட்டேன் என்றால் வேண்டாம். அதுவரை அக்காவுக்கு வாடகைக் கார் பேசிக்கொள்ளலாம், அந்தக் காசை நான் தருகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செங்கோட்டையில் பஸ் ஏறிவிடுவேன். புனலூர் ஸ்டாண்டுக்கு வந்து நில். ஒரு டார்ச் லைட்டும் பழைய துணியும் எடுத்து வை.

உன் மாமா