வைகாசி 11 அன்று எங்களோடு இலை போட்டவர்களுக்கு

ஆன்மநேய அன்பர்களுக்கு வந்தனம்.

1867-ல் வள்ளல் பெருமான் இராமலிங்க அடிகள் வடலூர் தருமச்சாலையில் அடுப்பேற்றிய நாள் வைகாசி 11. அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை. அதே நாளில் காரைக்குடியில் மூன்று வேளையும் சோறு போடுவதென்று முடிவு செய்தோம். எனக்கு அரிசி பருப்பைப் பற்றிக் கவலை இல்லை. பெருமான் வழி நடக்கும் நம் சன்மார்க்கத்தார் எல்லோரும் ஒரே வீட்டுக்கு வருவார்களா என்பதுதான் கவலை.

நமக்குள் வேறுபாடு சின்னதல்ல. பெருமானின் திருவருட்பாவில் ஆறு திருமுறையும் பாடுவோர் உண்டு. ஆறாம் திருமுறை மட்டுமே முடிந்த முடிபு என்போர் உண்டு. திருநீறு பூசி வருவோர் ஒருபுறம். 1873 அக்டோபர் 22-ல் மேட்டுக்குப்பத்தில் கொடி கட்டிய அன்று, சமயப் பற்றை விட்டதைப் பெருமானே சொல்லிவிட்டாரே என்று பூசாதோர் மறுபுறம். 1874 தையில் அதே ஊர்ச் சித்திவளாகத்தில் அறைக்குள் போய்த் திருக்காப்பிட்டுக்கொண்டபோது அவர் யாருக்கும் பட்டம் கட்டிவிட்டுப் போகவில்லை. இத்தனை சங்கங்கள் தழைத்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். அதைக் குறையென்று நான் எண்ணியதில்லை.

முதல் நன்றி, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்துவிட்ட ஆச்சிக்கு. இரண்டாங்கட்டில் பித்தளை அண்டாக்களைப் புளி போட்டுத் துலக்கி வைத்திருந்தார்கள். அவர்கள் அப்பச்சி வாங்கி வைத்த, ஆ. பாலகிருஷ்ண பிள்ளை பதிப்பித்த அருட்பா நூல்களையும் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார்கள்.

கறிச் சமையலுக்குப் பேர்போன நம் சமையல் மாஸ்டர், ஒரு வாரம் புலால் தொடாமல் இருந்து வந்து வெண்டைக்காய் மண்டியும் கவுனி அரிசியும் செய்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

காலையில் திருநீற்றுத் தட்டு வைப்பதில் குரல் உயர்ந்தது உண்மை. அதற்குள் முகப்பில் சனம் உட்கார்ந்துவிட்டது. கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள். தேவகோட்டைப் பெரியவர் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் கஞ்சி வாளியைத் தூக்கினார். அவரோடு வாதாடிய தம்பி பின்னாலேயே துவையல் தூக்கோடு போனார். அதன்பின் அந்தத் தட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. ஐயா, தம்பி, உங்கள் இருவருக்கும் நான் பட்ட கடன் பெரிது.

மதியப் பந்தி முடிந்து, வீட்டின் வளவு முற்றத்தில் அருட்பெருஞ்ஜோதி அகவல் 1596 அடியும் ஓதினோம். நெற்றியில் நீறுள்ளவரும் இல்லாதவரும் கலந்தே உட்கார்ந்திருந்தீர்கள். ஆச்சி தூணோரம் கடைசிவரை நின்றே கேட்டார்கள்.

சிலருடைய வாளிகளும் கரண்டிகளும் எங்களிடம் தங்கிவிட்டன. மாதப் பூசத்தன்று கஞ்சி காய்ச்சுகிறோம். அன்று வந்து பெற்றுக்கொள்ளுங்கள்.

தயவுடன்,
அன்னம்பாலிப்புக் குழுவுக்காக