மூத்த மெட்டல் குழுக்களும் புதுப் பாடல்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுபது வயதைத் தாண்டிய ஹெவி மெட்டல் (கனத்த கிட்டார் ஒலி கொண்ட ராக் இசை) கலைஞர்கள் புதுப் பாடல் எழுதுவதை விட்டுவிட்டு, புகழ்பெற்ற பழைய பாடல்களோடு மேடையேறினால் போதும் என்று இங்கே சிங்கப்பூரில் ரசிகர்கள் பலர் சொல்லக் கேட்கிறேன். அக்கறையோடு சொல்லப்படும் யோசனைதான் என்றாலும், முதுமை ஓர் இசைக்கலைஞரை எங்கே நெருக்குகிறது என்பதை அது தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இளம் தொண்டைக்கு எழுதிய பாட்டை முதிய தொண்டையால் பாட நேர்வதுதான் உண்மையான சிக்கல். டீப் பர்ப்பிள் குழுவின் பாடகர் இயன் கில்லன், 1970இல் உச்சத்தில் அலறிப் பாடிப் பதிவுசெய்த ‘சைல்ட் இன் டைம்’ பாடலை மேடையில் பாடுவதை நிறுத்திப் பல ஆண்டுகளாகின்றன. 1945இல் பிறந்தவரின் அந்த முடிவில் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவரே 2024இல் வெளிவந்த குழுவின் ஆல்பத்தில் திணறாமல் பாடுகிறார்; ஏனெனில் அந்தப் பாடல்கள் இன்றைய குரலை அறிந்து அமைக்கப்பட்டவை. கர்நாடக சங்கீத வித்வான்கள் வயது ஏற ஏற அரைக் கட்டை, ஒரு கட்டை என்று சுருதியை இறக்கிக்கொள்வதை இயல்பாக ஏற்கும் நாம், கிட்டார் ஏந்தியவரிடம் மட்டும் இருபது வயதுக் குரலைக் கேட்கிறோம்.

உடல்நலமும் இதையே சொல்கிறது. ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் கிட்டார் கலைஞர் கிளென் டிப்டன் தமக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பதை 2018இல் அறிவித்து, முழு இசைப்பயணங்களிலிருந்து விலகினார். ஆனால் புதுப் பாடல்களை உருவாக்கும் பணியிலிருந்து விலகவில்லை. 2024இல் வந்த ‘இன்வின்சிபிள் ஷீல்ட்’ ஆல்பத்திலும் அவர் பங்கு இருக்கிறது. விரல் நடுங்கும் நாளில் ஒலிப்பதிவுக்கூடம் மறுநாள்வரை காத்திருக்கும்; மேடை காத்திருக்காது. புதியதை விட்டுவிட்டுப் பயணத்தை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வது, முடிந்ததைப் பறித்து முடியாததைச் சுமத்துவதாகும்.

இந்த இசையே உடற்குறையோடு போராடிப் பிறந்தது என்பதையும் மறந்துவிடுகிறோம். பிளாக் சபாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி, பதினேழு வயதில் பர்மிங்ஹாமில் ஓர் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்திகளை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறை செய்துகொண்டார், மெல்லிய தந்திகளைப் பூட்டினார், பின்னர் 1971இல் வெளிவந்த ஆல்பத்தில் அவற்றின் சுருதியையும் தாழ்த்தினார். தளர்ந்த தந்தி விரலுக்கு இதமாக இருந்தது. அதிலிருந்து எழுந்த கனத்த ஒலியைத்தான் உலகமே பின்னர் நகலெடுத்தது. அதே ஐயோமி, 2012இல் புற்றுநோய் கண்டறியப்பட்டுச் சிகிச்சை பெற்றுவந்த காலத்திலேயே உருவாக்கிய ‘13’ என்ற ஆல்பம், மறு ஆண்டு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. இயலாமையிலிருந்து புது ஒலி கண்டவரிடம், இயலாமையைக் காரணம் காட்டி ஓய்வெடுக்கச் சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

மூத்த குழுக்கள்மீது எனக்கும் ஒரு குறை உண்டு. அது வயதைப் பற்றியதன்று, ஆல்பங்களின் நீளத்தைப் பற்றியது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்குச் சற்று மேல்தான் நன்றாகப் பதிய முடியும் என்ற காலத்தில், பிளாக் சபாத்தின் ‘பேரனாய்ட்’ ஆல்பம் சுமார் 42 நிமிடங்களில் முடிந்தது. அயர்ன் மெய்டனின் ‘செஞ்சுட்சு’ 80 நிமிடங்களைத் தாண்டுகிறது. மெட்டாலிகாவின் ‘72 சீசன்ஸ்’ ஏறத்தாழ 77 நிமிடங்கள் ஓடுகிறது. இரண்டிலும் நல்ல பாடல்கள் உள்ளன, ஆனால் “இதை வெட்டுங்கள்” என்று சொல்லும் துணிவு அவர்களைச் சுற்றி யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

ரசிகர்களாகிய நம் பங்கும் சிறிதன்று. புது ஆல்பம் வந்து இரண்டே மாதங்களில், 2017 ஜனவரியில் மெட்டாலிகா சிங்கப்பூர் உள்விளையாட்டரங்கில் வாசித்தது. இத்தகைய நிகழ்ச்சிகளில் புதுப் பாடல் தொடங்கியதும் பானம் வாங்கக் கிளம்புபவர்கள், “இவர்களிடம் புதிதாக ஒன்றுமில்லை” என்று பிறகு அலுத்துக்கொள்வதில் நியாயமில்லை. இளையராஜா 2025 மார்ச்சில், தம் 81ஆம் வயதில், லண்டனில் தமது முதல் சிம்ஃபொனியை அரங்கேற்றியபோது நம்மில் யாரும் பழைய பாட்டே போதும் என்று சொல்லவில்லை, பெருமைப்பட்டோம். (அது அரங்கேறிய அப்போலோ அரங்கம், ஹேமர்ஸ்மித் ஓடியன் என்ற பழைய பெயரில் 1982இல் அயர்ன் மெய்டனின் இசைநிகழ்ச்சி பதிவான அதே இடம் என்பது மெட்டல் ரசிகர்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி தரும்.)

இறுதியாக ஒரு வேண்டுகோள். 1992இல் இங்கே தொடங்கி, சமஸ்கிருத சுலோகங்களை மெட்டலோடு இணைத்து, உலக ரசிகர்களிடையே ‘வேத மெட்டல்’ என்று அறியப்படும் ருத்ரா குழு, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு 2022இலும் புது ஆல்பம் வெளியிட்டது. வெளிநாட்டு மூத்தவர்களின் வருகைக்கு ஒதுக்கும் இடத்தில் ஒரு பகுதியையாவது, அக்குழுவின் அடுத்த ஆல்பத்தை விமர்சிக்கத் தங்கள் கலைப் பக்கத்தில் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈசூன்