நெத்திலி மணக்கும் ராமென்: தூத்துக்குடி அத்தைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். டோக்கியோவில் நான் குடியிருக்கும் நிஷி-கசாய் பகுதியில், ரயில் நிலையத்துக்கு அருகே, சூடான சாற்றில் நூடுல்ஸ் போட்டுத் தரும் ராமென் கடை ஒன்றைப் புதிதாகத் திறந்திருக்கிறார்கள். அந்த வழியாக வரும்போதெல்லாம் ஒரு மணம் என்னை நிறுத்திக்கொண்டே இருந்தது. முதல் நாள் அது என்னவென்று பிடிபடவில்லை, மறுநாள் பிடிபட்டது. உங்கள் மொட்டைமாடியில் நெத்திலி காயும் மணம் அது. நேற்று மாலை உள்ளே போய்ச் சாப்பிட்டேன்.

ராமென் என்றால் பொட்டலத்தைப் பிரித்து வெந்நீர் ஊற்றுவதுதானே என்று தொலைபேசியில் கேட்டீர்கள். அந்தப் பொட்டலம் 1958இல் வந்தது. ராமென் கடைகளோ அதற்கும் முந்தியவை. டோக்கியோவின் அசகுசாவில் ராய்ராய்கென் என்ற கடை 1910இலேயே தொடங்கிவிட்டது. கடை ராமெனுக்கு உயிர் அதன் சாறுதான். இந்தக் கடையின் சாற்றுக்கு முதல் நாள் இரவே கருவாட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் மெல்லிய தீயில் காய்ச்சுகிறார்கள்.

வாசலில் உள்ள இயந்திரத்தில் காசு போட்டுச் சீட்டு எடுத்துக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் கிண்ணம் வந்தது. சாறு சாம்பல் நிறத்தில், நன்றாக அரைத்துவிட்ட குழம்பைப்போல் கெட்டியாக இருந்தது. அதன் மேல் பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயத்தைத் தூவியிருந்தார்கள். பழைய சோற்றுக்குக் கருவாடு வறுக்கும்போது பக்கத்தில் சின்ன வெங்காயத்தை உரித்து வைப்பீர்களே, அந்தப் பொருத்தத்தை இங்கேயும் கண்டுபிடித்திருக்கிறார்கள். நூடுல்ஸ் மெலிதாகவும் நேராகவும், கடித்தால் அழுத்தமாகவும் இருந்தது. ராமென் மாவில் கான்சுய் என்னும் காரத்தைச் சேர்த்துப் பிசைவார்கள். நம் அப்பளக்காரத்தின் வேலையைத்தான் அது செய்கிறது. லேசான மஞ்சள் நிறமும் அந்த இழுவையும் அதனால் வருபவை.

கூட்டம் குறைந்த பிறகு, என்ன மீன் என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் ஒரு கைப்பிடி கருவாட்டை அள்ளி என் முன்னே வைத்தார். அது நெத்திலி இனத்து மீன்தான், அத்தை. வெள்ளித் தோல் உரியாமல் இருக்கிறதா, வயிறு வெடித்திருக்கிறதா, எண்ணெய் கசிந்து மஞ்சளடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குவாராம். சந்தையில் நீங்கள் ஒவ்வொரு குவியலாகப் புரட்டிப் பார்ப்பதும் இவற்றைத்தானே! தலையையும் குடலையும் கிள்ளி எடுத்துவிட்டால் சாற்றில் கசப்பு இருக்காது. இவர் வேண்டுமென்றே பாதி மீன்களை அப்படியே போடுகிறார். அந்த மெல்லிய கசப்பு நாக்கின் அடியில் வெகுநேரம் நின்றது. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உப்பு மட்டும் அதிகம், கடைசிச் சில வாய்களைக் குடிக்க முடியாமல் வைத்துவிட்டேன்.

ஒரே ஒரு வேறுபாடு உண்டு. நாம் நெத்திலியைப் பச்சையாகவே வெயிலில் போடுகிறோம். இவர்கள் உப்பு நீரில் அவித்த பிறகே உலர்த்துகிறார்கள். இந்தக் கருவாட்டை இங்கே நிபோஷி என்கிறார்கள். அந்தப் பெயருக்கே அவித்து உலர்த்தியது என்றுதான் பொருள். அவித்துவிடுவதால் மீன் கெடுவது அங்கேயே நிற்கிறது, ருசியும் உள்ளேயே தங்குகிறது. கொம்பு என்னும் கடற்பாசியின் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்னும் பொருள் என்று ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெதா 1908இல் கண்டறிந்து, அச்சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். உலர்ந்த மீனில் இருப்பது இனோசினேட் என்னும் இன்னொரு சுவைப்பொருள். இரண்டும் ஒரே சாற்றில் சேரும்போது சுவை பல மடங்கு கூடுகிறது. அந்தக் கடைப் பானையிலும் கொம்பு கிடந்தது.

மாசிக் கருவாட்டுக்குச் சூரை மீனை அவித்துப் புகை போட்டுக் காயவைப்பது நம் ஊருக்குப் பழகிய வேலை. நெத்திலியை மட்டும் ஏன் அவிக்காமல் விட்டோம் என்ற கேள்வி நேற்றிலிருந்து மனத்தில் இருக்கிறது. அடுத்த முறை நல்ல நெத்திலி கிடைத்தால், ஒரு கைப்பிடியை உப்பு நீரில் ஒரு கொதி விட்டு எடுத்து, தனியாக ஒரு பாயில் காயவைத்துப் பாருங்கள். பொங்கலுக்கு வரும்போது இங்கிருந்து ஒரு பை நிபோஷி கொண்டுவருகிறேன். இரண்டையும் உங்கள் அடுப்பில் அடுத்தடுத்துக் காய்ச்சிப் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்