வெளிமாநிலம் சென்றுவிட்டவரை நாங்கள் ஏன் உடனே பிடித்துவருவதில்லை

ஹூஸ்டன், டெக்சஸ்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

உறவினருக்காகவோ நண்பருக்காகவோ எங்கள் ஜாமீன் பத்திரத்தில் உடன் கையெழுத்திட்டவர்களில் சிலர் எங்களிடம் கோபமாகவே ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அவன் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் பக்கம் இருப்பது எங்களுக்கே தெரியும். முகவரியும் தந்துவிட்டோம். ஆள் அனுப்பிப் பிடித்துவர உங்களுக்கு என்ன தடை?" கோபம் நியாயமானது. வீட்டின் பெயரில் கடன் வாங்கி ஜாமீன் நின்றவர்களுக்கு ஒவ்வொரு நாளும் பாரம்தான். அதனால் முழு விளக்கத்தையும் எழுத்தில் தர விரும்புகிறோம்.

ஊரில் ஜாமீன் என்றால் தெரிந்தவர்கள் இருவர் சொத்து ஆவணத்தோடு வந்து நீதிமன்றத்தில் உத்தரவாதம் தருவார்கள். இங்கே அது ஒரு தொழில். ஜாமீன் தொகை 30,000 டாலர் என்றால் நீங்கள் பெரும்பாலும் 10 விழுக்காடு, அதாவது 3,000 டாலர் கட்டுகிறீர்கள். அந்தப் பணம் திரும்ப வராது. முழுத் தொகைக்கும் நீதிமன்றத்திடம் நாங்கள் பொறுப்பு, எங்களிடம் நீங்கள் பொறுப்பு. அவர் வாய்தாவுக்கு வராவிட்டால் 30,000 டாலரும் உங்கள் கதவைத் தட்டும்.

தப்பியோடியவரை ஜாமீன் நிறுவனம் எங்கும் துரத்திப் பிடிக்கலாம் என்ற நம்பிக்கை 1872இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த 'டெய்லர் எதிர் டெய்ன்டர்' வழக்கிலிருந்து வருகிறது. ஜாமீன்தாரர் தன் பொறுப்பில் உள்ளவரை வேறு மாநிலத்துக்கும் பின்தொடர்ந்து செல்லலாம், ஞாயிற்றுக்கிழமையிலும் பிடிக்கலாம், தேவையானால் அவருடைய வீட்டை உடைத்தும் நுழையலாம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இந்த வரிகளைப் பெருமையோடு மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அந்த வழக்கில் ஜாமீன்தாரர்கள் தோற்றார்கள் என்பதைப் பெரும்பாலோர் சொல்வதில்லை. கனெக்டிகட்டில் திருட்டு வழக்கில் 8,000 டாலர் ஜாமீனில் வெளிவந்த ஒருவர் நியூயார்க்குக்குப் போனார். அங்கிருந்து, வேறொரு குற்றத்துக்காக மெய்ன் மாநிலம் அவரைக் கேட்டு வாங்கிக்கொண்டது. அவர் மெய்ன் சிறையில் இருந்ததால் கனெக்டிகட் நீதிமன்றத்துக்கு வர முடியவில்லை. 'நாங்கள் என்ன செய்ய முடியும்?' என்று ஜாமீன்தாரர்கள் வாதிட்டார்கள். அவரை மாநிலத்தை விட்டுப் போகவிட்டது உங்கள் தவறு, பணத்தைக் கட்டுங்கள் என்றது நீதிமன்றம். எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல் டெக்சஸைவிட்டு வெளியே போகக் கூடாது என்று எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு விதி இருப்பதற்கு இதுவே காரணம். அது உங்களைக் கட்டுப்படுத்துவதற்காக எழுதப்பட்ட விதியன்று.

துரத்திப் பிடிக்கும் உரிமை பற்றிய அந்த வரிகள் தீர்ப்புக்கு அவசியமானவையும் அல்ல. போகிற போக்கில் சொல்லப்பட்ட கருத்துகள். பின்னாளில் மாநிலங்கள் தத்தம் சட்டங்களால் அந்தப் பழைய உரிமையைச் சுருக்கிவிட்டன. சில இடங்களில் அது முற்றாகவே இல்லை.

முதலில் டெக்சஸையே எடுத்துக்கொள்ளுங்கள். தப்பியவரைப் பிடிக்க நாங்கள் நினைத்தவரை அமர்த்த முடியாது. காவல் அதிகாரி, உரிமம் பெற்ற தனியார் துப்பறிவாளர், அரசு அனுமதி பெற்ற ஆயுதக் காவலர் ஆகியோரை மட்டுமே சட்டம் ஏற்கிறது. அந்தத் துப்பறிவாளரும் எங்கள் எழுத்து அனுமதி இல்லாமல் பிடியாணையை நிறைவேற்றக் கூடாது. வீட்டில் உள்ளவர்களின் சம்மதம் இல்லாமல் உள்ளே நுழையக் கூடாது. அரசு அதிகாரி என்று தோன்றும்படி சீருடையோ பேட்ஜோ அணியக் கூடாது. மீறினால் அவர் மீதே குற்றவழக்கு வரும். ஆகவே, எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு யாராவது உங்கள் வீட்டு வாசலில் நின்றால் கதவைத் திறக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. உரிமத்தையும் எங்கள் அனுமதிக் கடிதத்தையும் கேளுங்கள், உடனே எங்கள் அலுவலகத்தை அழையுங்கள். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இதைத் தமிழில் சொல்லிவையுங்கள். மிரட்டலுக்கு முதலில் அஞ்சுபவர்கள் அவர்கள்தாம்.

மாநில எல்லையைத் தாண்டியதும் அந்த மாநிலத்தின் சட்டமே ஆட்சி செய்கிறது. ஒரிகன், கென்டக்கி, இலினாய், விஸ்கான்சின் ஆகிய நான்கிலும் எங்களைப் போன்ற வணிக ஜாமீன் தொழிலுக்கே இடமில்லை. கென்டக்கி 1976இல் அதை ஒழித்தது. இலினாய் 2023 செப்டம்பர் 18 முதல் பண ஜாமீனையே கைவிட்டுவிட்டது. ஒரிகனில் ஜாமீன்தாரரின் பழைய பிடிக்கும் உரிமை இனிச் செல்லாது என்று அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1978இலேயே கூறிவிட்டது. அங்கே போய் ஒருவரை வலுக்கட்டாயமாக வண்டியில் ஏற்றினால் அதன் பெயர் ஆள்கடத்தல்.

கலிஃபோர்னியா வழி திறந்திருக்கிறது, ஆனால் அது நீதிமன்றத்தின் வழியாகச் செல்லும் வழி. வெளிமாநிலத்து ஜாமீன் நிறுவனம், தப்பியவர் இருக்கும் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) நீதிபதியிடம் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். நீதிபதி பிடியாணை பிறப்பித்து, அவரை வரவழைத்து, விசாரித்து, எழுத்து மூலம் உத்தரவு கொடுத்தால்தான் நாங்கள் அவரை டெக்சஸுக்கு அழைத்துவர முடியும். அங்கே பிடிக்கச் செல்பவர்கள் அதற்கு முந்தைய ஆறு மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல்துறைக்குத் தகவல் சொல்லவும் வேண்டும். ஃப்ரீமான்ட் கேள்விக்கு எங்கள் பதில் இதுதான்: முகவரி கையில் இருந்தாலும் அது இன்று மாலைக்குள் முடியும் வேலையன்று.

நாட்டு எல்லையைத் தாண்டினால் நிலைமை இன்னும் கடுமை. 1981இல் ஃபுளோரிடாவின் ஜாமீன் வழக்கொன்றுக்காக ஒருவரை டொரான்டோவிலிருந்து தூக்கிவந்தார்கள். கனடா அதை ஆள்கடத்தல் என்றது. தூக்கிவந்தவர்களில் ஒருவரைக் கனடாவிடம் ஒப்படைக்கலாம் என்று 1983இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமே சொன்னது. 2003இல் மெக்சிகோவில் ஒரு பெரிய குற்றவாளியைப் பிடித்த டுவேன் சாப்மன் என்ற அமெரிக்க ஜாமீன் வேட்டைக்காரர் அங்கேயே கைதானார். பறிமுதலான ஜாமீன் தொகையில் அவர் பங்கு கேட்டபோது கலிஃபோர்னியா நீதிபதி மறுத்துவிட்டார்.

இந்தியாவுக்குப் போய்விட்டால் எல்லாம் மறந்துபோகும் என்று எண்ணும் இளைஞர்களுக்காக இதையும் சேர்த்துச் சொல்கிறோம். சென்னையிலோ கோவையிலோ எங்கள் ஆள் யாரையும் தொட முடியாது, தொடவும் மாட்டோம். இரு நாடுகளுக்கும் இடையே 1997இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் உண்டு. அது அரசுகள் நடத்தும் நீண்ட வேலை. அதற்குள் ஜாமீன் தொகை பறிமுதலாகி, இங்கே கையெழுத்திட்ட அக்காவோ அறைத்தோழரோதான் கட்டுவார். பெருங்குற்ற வழக்கில் வாய்தாவுக்கு வராமல் இருப்பதே டெக்சஸில் 2 முதல் 10 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய தனிக் குற்றம். விசாவில் இருப்பவர்களுக்கு அது குடியேற்றச் சட்டத்திலும் பெருந்துன்பமாக முடியலாம். குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள்; நாங்கள் வழக்கறிஞர்கள் அல்லர்.

அப்படியானால் நாங்கள் என்னதான் செய்கிறோம்? அவர் இருக்கும் ஊரின் காவல்துறைக்குப் பிடியாணை விவரத்தைக் கொடுக்கிறோம். அவர்கள் கைது செய்து, அது உறுதியாக எழுத்தில் பதிவானால் எங்களுக்கும் உங்களுக்கும் பெரும்பாலும் விடிவு பிறக்கிறது. டெக்சஸ் சட்டப்படி, வாய்தா தவறியதிலிருந்து சிறுகுற்ற வழக்கில் 180 நாளுக்குள், பெருங்குற்ற வழக்கில் 270 நாளுக்குள் அவர் அமெரிக்காவின் எந்தச் சிறையில் இருந்தாலும் ஜாமீன் பொறுப்பிலிருந்து விடுபட வழியுண்டு. அவரை நாங்களே தூக்கிவர வேண்டும் என்பதில்லை. திரும்பக் கொண்டுவரும் செலவு மட்டும் நம் தலையில் விழக்கூடும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. பிடியாணையைத் தேசியக் கணினிப் பதிவில் ஏற்றும்போது, டெக்சஸ் அதிகாரிகள் எவ்வளவு தூரம் சென்று ஆளைப் பெற்றுக்கொள்வார்கள் என்பதையும் குறிப்பார்கள். நாடு முழுவதும், அண்டை மாநிலங்கள் மட்டும், டெக்சஸுக்குள் மட்டும் என்று வேறுபாடுகள் உண்டு. சிறிய வழக்குகளில் தூரத்து மாநிலத்துக்கு அதிகாரிகளை அனுப்ப அரசு விரும்பாது. அப்போது அங்குள்ள போலீஸ் பதிவைப் பார்த்துவிட்டு அவரை விடுவித்துவிடுவதும் நடக்கும். அதனால்தான் தகவல் கிடைத்த உடனே பிடியாணையின் எல்லை என்ன என்பதை முதலில் பார்க்கிறோம். எல்லை குறுகியதாக இருந்தால், அவர் தாமாக வந்து சரணடைவதே இருக்கும் வழிகளில் நல்லது. வேறு மாநிலத்தில் கைதானவர் நீதிபதி முன் ஒப்படைப்பு விசாரணையை (டெக்சஸிடம் ஒப்படைக்கலாமா என்ற விசாரணையை) விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டால் வாரங்கள் மிச்சமாகும். மறுத்தால் ஆளுநர் ஆணைக்காக 30 நாள், நீட்டித்தால் மேலும் 60 நாள் வரை அங்கேயே சிறையில் இருக்க நேரிடும்.

உங்களிடம் நாங்கள் வேண்டுவது முன்கூட்டிய தகவல். அவர் வேலையை விட்டுவிட்டார், தொலைபேசியை எடுப்பதில்லை, பெட்டி கட்டுகிறார் என்று தெரிந்தால் அன்றே சொல்லுங்கள். வாய்தா தவறுவதற்கு முன் சொன்னால் வழக்கறிஞரோடு பேசி, தேதியை மாற்றக் கேட்டு, பல நேரம் எல்லாவற்றையும் அமைதியாகச் சீர்செய்ய முடிகிறது. தவறிய பின் அந்த வாசல் பாதி மூடிவிடுகிறது. காட்டிக்கொடுப்பதாக நினைத்துத் தயங்க வேண்டாம். அவரை ஒளித்துவைத்துச் சாப்பாடு போடும் உறவினர் மீதும் தனியாக வழக்கு வரலாம். நீங்களே போய் அவரைப் பிடித்து வண்டியில் ஏற்ற முயலவும் வேண்டாம். பத்திரத்தில் உடன் கையெழுத்திட்டதாலேயே உங்களுக்கு அந்த உரிமை வந்துவிடாது, அது உயிருக்கும் ஆபத்து.

வெளிமாநிலப் பயண ஒப்புதல் படிவத்தை இத்துடன் இணைத்திருக்கிறோம். திருமணத்துக்கோ, வேலைக்கான நேர்காணலுக்கோ போக வேண்டியிருந்தால் பயணத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பு நிரப்பி அனுப்புங்கள். எங்கள் ஒப்புதல் கிடைத்தாலும், நீதிமன்றம் பயணக் கட்டுப்பாடு விதித்திருந்தால் நீதிபதியின் அனுமதியும் தனியாக வேண்டும். அதை உங்கள் வழக்கறிஞர்தான் கேட்டுப் பெற்றுத்தர முடியும்.

அன்புடன்,
உங்கள் ஜாமீன் பத்திர அலுவலகத்தார்