பென்ஷனை விலைவாசியோட சேர்த்துக் கட்டுங்க சார்

மத்திய தொழிலாளர் துறை அமைச்சர் அவர்களுக்கும் வருங்கால வைப்பு நிதி அறங்காவலர் குழுவில இருக்கிற பெரியவங்களுக்கும், கோயமுத்தூர்ல இருந்து வணக்கம்ங்க.

இபிஎஸ்-95, அதான் மில்லு, கம்பெனியில வேலை பாத்தவங்களுக்கு வைப்பு நிதி மூலமா வர்ற பென்ஷன் திட்டம், அதைப் பத்தி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்ல. 2014 செப்டம்பர்ல குறைஞ்சபட்ச பென்ஷன் ஆயிரம் ரூபான்னு வெச்சீங்க, அதுக்கப்புறம் அதை மறந்துட்டீங்க. கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், பென்ஷனை விலைவாசியோட சேர்த்துக் கட்டுங்க, விலை ஏறினா பென்ஷனும் ஏறணும்.

போன தடவை அரசு ஊழியர்களுக்கு டிஏ, அதான் விலைவாசிக்கு ஏத்த மாதிரி சம்பளத்தோடயும் பென்ஷனோடயும் சேர்த்துக் குடுக்கிற அகவிலைப்படி, ஏத்தினப்போ பக்கத்து வீட்டு ரிட்டயர்ட் தபால்காரர் சந்தோஷமா வந்து சொன்னாரு, எங்கப்பா "நல்லதுங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. அப்பா மில்லுல வேலை பாத்தவர். பென்ஷன் ஆயிரத்து எண்ணூத்திச் சொச்சம், முதல் மாசம் வந்த அதே தொகை இன்னிக்கும் வருது. இதுல கொடுமை என்னன்னா, அந்த டிஏவை ஒரு விலைவாசிக் குறியீட்டை வெச்சுத்தான் கணக்குப் போடறாங்க, அதுக்கு 88 ஊர்ல விலை எடுக்கறாங்க, அதுல எங்க ஊரும் ஒண்ணு. தொழிலாளி குடும்பம் என்ன வாங்குது, என்ன விலைக்கு வாங்குதுன்னு பாத்துதான் அந்தக் குறியீட்டையே போடறாங்க, ஆனா அதை வெச்சு ஏறுற காசுல ரிட்டயர் ஆன தொழிலாளிக்கு மட்டும் ஒத்தைப் பைசா கிடையாது!

அப்பா ஒரு நோட்டுல மாசச் செலவு எழுதுவாரு. பால், கேஸ், கரண்ட், மாத்திரை. சுகர் மாத்திரைக்கு நேரா "பாதி"ன்னு எழுதியிருந்துச்சு. கேட்டா, மெடிக்கல்ல பத்து மாத்திரை அட்டையக் கத்திரியால வெட்டி அஞ்சு மட்டும் வாங்கிட்டு வர்றாராம், எக்ஸ்பைரி தேதி இருக்கிற பாதி கடையிலயே தங்கிடுது. ராத்திரி மாத்திரைய ஒருநாள் விட்டு ஒருநாள் போடறாரு. டாக்டர் கிட்ட சொல்லல, எங்க கிட்டயும் சொல்லல. நான் காசு குடுத்தா வாங்க மாட்டேங்கறாரு, "எனக்கு பென்ஷன் வருது"ங்கறாரு.

நானும் இதே ஃபண்டுக்குத்தான் கட்றேன், அதனால என் கணக்கையும் போட்டுப் பாத்தேன். பென்ஷனுக்கு எடுத்துக்கற மாசச் சம்பளத்தோட உச்சவரம்பு 15,000, சர்வீஸ் 35 வருஷம், பெருக்கி 70-ஆல வகுத்தா 7,500. அதுவும் நான் கிழவனாகுறப்போ இருக்கிற விலைவாசியில 7,500, அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அதே 7,500. இதை வெச்சு நான் என்னத்த பிளான் பண்றது? டிவியில வர்ற நிபுணர்கள் எல்லாம் சீக்கிரமே சேமிக்க ஆரம்பிங்கன்னு அட்வைஸ் பண்றாங்க, எங்கப்பா முதல் சம்பளத்துல இருந்தே சேமிச்சவர்தாங்க, உங்க கிட்டதான் குடுத்து வெச்சாரு. 2020 மார்ச்ல நிறுத்தின ரயில் டிக்கெட் சலுகையும் இன்னும் திரும்பி வரல, வயசானவங்க எதுக்கு ஊர் சுத்தணும்னு விட்டுட்டீங்க போல. நாங்க உயிரோட இருக்கோம்னு வருஷா வருஷம் சான்று மட்டும் கரெக்டா கேக்கறீங்க.

கோபத்துல ஏதாவது கூடுதலா எழுதியிருந்தா மன்னிச்சிருங்க. 60 வயசு தாண்டினவங்க எதுக்கு எவ்வளவு செலவு பண்றாங்கன்னு தனியா ஒரு குறியீடு போடுங்க, மாத்திரைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதுல நியாயமான பங்கு குடுங்க. அது வர்ற வரைக்கும் இப்ப இருக்கிற குறியீட்டுப்படியே, அரசு ஊழியர்களுக்கு மாதிரி ஜனவரியிலயும் ஜூலையிலயும் எங்களுக்கும் ஏத்திக் குடுங்க. அடுத்த குழுக் கூட்டத்துல இதை எடுத்துப் பேசணும்னு தாழ்மையோட கேட்டுக்கறேங்க.

இப்படிக்கு,
ஒரு மில் தொழிலாளி மகன்