எல்லா ராக்கெட்டும் திரும்பி வர வேண்டுமா?

ஆசிரியருக்கு,

ஒருமுறை மட்டும் பயன்படும் ராக்கெட்டுகளுக்காகக் குலசேகரன்பட்டினத்தில் இன்னொரு ஏவுதளம் தேவையா எனத் தங்கள் தலையங்கம் கேட்டிருந்தது. அங்கிருந்து ஏவப்படவிருக்கும், சிறிய செயற்கைக்கோள்களுக்கான இஸ்ரோவின் எஸ்எஸ்எல்வி ராக்கெட்டின் மூன்று முக்கிய நிலைகளும் (ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து கழலும் பகுதிகள்) திட எரிபொருளில் இயங்குபவை. பற்றவைத்தபின் அணைத்து மீண்டும் இயக்க முடியாததால், அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் நிலையைப் போல அவை தரையிறங்க இயலாது. எஸ்எஸ்எல்வி சுமப்பதோ 500 கிலோதான். திரும்புவதற்கான எரிபொருளையும் அதில் கழித்தால் செயற்கைக்கோளுக்கு என்ன மிஞ்சும்?

ஸ்ரீஹரிகோட்டா பார்வையாளர் மாடத்தில் பிஎஸ்எல்வி ஏவுதலைப் பார்த்தபோது, அதன் முதல் நிலை கடலில் விழுந்துவிடும் என்றறிந்த மாணவர்கள் சிலர் முகம் சுளித்தனர். நியாயம்தான். ஆனால், திரும்பி வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பை 2024-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த என்ஜிஎல்வி எனும் அடுத்த தலைமுறை ராக்கெட்டிடம் வைப்பதே பொருத்தம். அதன் முதல் நிலை மறுபயன்பாட்டுக்கென்றே திட்டமிடப்பட்டது. ஆண்டுக்கு எத்தனை முறை ஏவினால் அது கட்டுப்படியாகும் என்ற கணக்கை இஸ்ரோ வெளியிட வேண்டும்.

– வாசகர், திருச்செந்தூர்