மாமியாரின் இருமலைப் பற்றி

கோப்பாய்,
யாழ்ப்பாணம்.

அன்பின் தவமணிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. மகளுக்கு மன்னாருக்கு மாற்றம் கிடைத்த செய்தி மகிழ்ச்சி தந்தது. இங்கே மார்கழிப் பனி தொடங்கி, எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு ஒருவராவது தடிமனும் இருமலுமாக இருக்கிறார்கள்.

மாமியாருக்குப் பாமசியில் இருமல் பாணி வாங்கிக் கொடுப்பதாக எழுதியிருந்தீர். ஆஸ்பத்திரி வாட்டில் வேலை செய்த காலமெல்லாம் புதிதாக வரும் தாதியரிடம் நான் முதலில் கேட்பது, நோயாளிக்கு வருவது வறட்டு இருமலா, சளி இருமலா என்பதைத்தான். சளியோடு வரும் இருமலை, சில பாணிகளில் இருக்கும் கொடெயின் போன்ற மருந்தால் அடக்கினால், படுக்கையிலேயே இருக்கும் முதியவர்களுக்கு நெஞ்சில் சளி தேங்கி நியூமோனியாவரை போகலாம். அவர்களை நிமிர்த்தி இருத்தி, இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ வைத்தியர் தண்ணீரைக் கட்டுப்படுத்தியிராவிட்டால், இளஞ்சூட்டு நீரை அடிக்கடி கொடுத்து, துப்பும் சளியின் நிறத்தையும் அதில் இரத்தம் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். கொடெயின் எடுப்பவருக்கு மலச்சிக்கல் வரும். அதைவிட முக்கியம் மூச்சு. தட்டி எழுப்பியும் சரியாக விழிக்காமல், மூச்சு மிக மெதுவாகப் போனால், தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அந்த மருந்து ஆகவே ஆகாது.

வீட்டுக் கரண்டிகள் ஒரே அளவானவை அல்ல. போத்தலோடு வரும் மூடியைத் தட்டையான இடத்தில் வைத்து, குனிந்து, 5 மில்லிலீற்றர் கோட்டைக் கண்மட்டத்தில் பார்த்து வாரும். பல பாணிகளில் சீனி உண்டு, சலரோகக்காரருக்கு அதைக் கவனிக்க வேண்டும். தடிமனுக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமின் என்ற மருந்து கலந்திருந்தால் தூக்கம் கண்ணைக் கட்டும். இரவில் கழிப்பறைக்குப் போகும்போது கூடவே போம்.

ஆனால் பிறசருக்கு ஆவணியில் எனலாபிரில் தொடங்கினார்கள் என்று நீர் எழுதிய வரியில்தான் என் மனம் நிற்கிறது. அந்தக் குளிசை சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். தொடங்கிச் சில மாதங்களின் பின்னும் வரலாம். அப்படியானால் எந்தப் பாணியாலும் பெரிய பயன் இராது. வைத்தியரைக் கேளாமல் நீர் அந்தக் குளிசையை நிறுத்திவிடாதேயும். வைத்தியர் லொசாட்டன் போன்ற வேறொன்றுக்கு மாற்றக்கூடும், மாற்றிய பின்பும் இருமல் அடங்கச் சில கிழமைகள் செல்லும். இரண்டு கிழமைகளுக்கு மேலாக இருமுவதால் சளிப் பரிசோதனையையும் கேளும், காசநோய் இல்லையென்று உறுதியாக வேண்டும்.

அடுத்த கிளினிக் வரை காத்திராமல் இந்தக் கிழமையே அவரைக் கூட்டிக்கொண்டு போம். கிளினிக் கொப்பியோடு வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் அந்தப் பாணிப் போத்தலையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டும். வைத்தியர் சொன்னதை எனக்கு எழுதும்.

அன்புடன்,
உமது சிநேகிதி,
இராசம்